ஒரு நாளுக்கு ஓர் ஆறு

"உங்க ஊர்ல பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "என்னத்தைங்க இருக்குது, ஜவுளி எடுக்கோணும்னா வாங்க" என்றுதான் ஈரோட்டுக்காரர்களில் பாதிப்பேர் சொல்கிறோம். ரயில் மாறுகிற ஊர், லாரியை நிறுத்திச் சாப்பிடுகிற ஊர், மஞ்சளும் துணியும் விற்கிற ஊர் என்று மற்றவர்கள் நினைத்ததை நாமும் நம்பிவிட்டோம். மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான். இந்த ஊர்ச் சோறும் இந்த ஆற்றுத் தண்ணீரும்தான் என்னை ஆளாக்கின. அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் மகள் வயிற்றுப் பேத்தி படிப்புக்காக இத்தாலியில் போலோன்யா என்ற ஊரில் இருந்தாள். 1088-இல் தொடங்கியதாகச் சொல்லும் பல்கலைக்கழகம் உள்ள பழைய ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ரயிலேறி அரைமணி நேரத்தில் மோதேனாவுக்கோ, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்மாவுக்கோ போவார்களாம். மத்தியானம் அந்த ஊர்ச் சமையலைச் சாப்பிட்டு, தெருவில் காலாற நடந்து, பொழுது சாய வீடு திரும்புவார்களாம். மோதேனாவின் திராட்சைக் காடி, பார்மா வட்டாரத்துப் பாலாடைக்கட்டி என்று ஊருக்கு ஒன்று உண்டு. அதை அந்த மண்ணிலேயே போய் உண்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. "சோறு திங்கறதுக்குன்னே பக்கத்து ஊருக்குப் போறாங்க அப்புச்சி. நம்ம ஊர்ல அப்படிப் போறதுக்கு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

மூணு ஆறு இருக்குது கண்ணு, என்றேன். காவிரி, பவானி, நொய்யல். ஈரோட்டில் படுத்து எழுந்துகொண்டு ஒரு நாளைக்கு ஓர் ஆற்றைப் பார்க்கலாம். அன்றைக்குச் சோறு அந்த ஆற்றங்கரையில். இரண்டு ஆற்றை ஒரே நாளில் பார்க்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் ஒரே கண்டிப்பு.

அதற்குக் காரணம் உண்டு. விருந்தாளி வந்தால் ஒரு வேனைப் பிடித்து, காலையில் பவானி, பத்து மணிக்குச் சென்னிமலை, மத்தியானம் கொடிவேரி, சாயங்காலம் பண்ணாரி என்று இழுத்தடிக்கிறோம். குழந்தைகள் வண்டியில் வாந்தி எடுக்கின்றன; பெரியவர்களுக்குக் கால் வீங்குகிறது. மறுநாள் கேட்டால் எந்தக் கோயிலில் என்ன பார்த்தோம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. ஓர் இடத்தில் ஒரு பொழுது உட்கார்ந்தால்தான் அந்த இடம் நம்மிடம் பேசும். அங்கே யார் உழைக்கிறார்கள், அந்தச் சோற்றுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். ஒரு மனிதன் எழுபது வயது வரைக்கும் உண்டுவிட்டு, தன் இலைக்கு வந்த தண்ணீர் எந்த மதகில் திறந்தது என்று தெரியாமலே போய்ச் சேர்வதை நான் பெரிய குறையாக நினைக்கிறேன்.

முதலில் ஊருக்குள் ஒரு காலைப்பொழுது. கோட்டை ஈஸ்வரனையும் கோட்டைப் பெருமாளையும் கும்பிட்டுவிட்டு, தந்தை பெரியார் வாழ்ந்த வீட்டுக்குப் போகலாம். இப்போது பெரியார் – அண்ணா நினைவகமாக இருக்கிறது. கடவுளைக் கும்பிட்ட காலோடு அங்கே போவதா என்று யாரும் தயங்க வேண்டாம். இந்த ஊர் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வாழ்கிறது. கணித மேதை இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்ததும் இந்த ஊரில்தான், தாய்வழிப் பாட்டி வீட்டில். கும்பகோணம் அவரை வளர்த்தது என்பதால் அதை நாம் மறந்தே போனோம்.

மஞ்சள் ஏலம் நடக்கும் நாளாக இருந்தால் ஓர் அரைமணி நேரம் அங்கே நிற்க வேண்டும். மாதிரி மஞ்சளைக் குவித்து வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை எடுத்துப் பட்டென்று ஒடிப்பார். ஒடிகிற சத்தத்திலேயே காய்ச்சல் போதுமா என்று தெரிந்துவிடும். ஒடிந்த வாயில் நிறம் தெரியும். நிலத்தில் ஒன்பது பத்து மாதம் கிடந்து, பிறகு வெந்து, காய்ந்து, மெருகேறி வந்த ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அந்த ஒடிப்பில் முடிவாகும். விலை விழுந்த ஆண்டுகளில் விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது போலத்தான்.

ஊருக்குள் சாப்பாடு என்றால் மெஸ்தான். ரயிலில் இறங்கியவர்கள், ஜவுளிச் சந்தைக்கு முதல்நாள் இரவே வந்து படுத்துக்கொள்ளும் வெளியூர் வியாபாரிகள், லாரி ஓட்டுநர்கள் ஆகிய இவர்கள் வயிற்றுக்காக, வீட்டுச் சமையலறையைக் கொஞ்சம் அகலப்படுத்தியது போலத் தொடங்கியவை இந்த மெஸ்கள். இன்று பல நகரங்களில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் ஜங்ஷன் குப்பண்ணா 1960-இல் இந்த ஊரில் சின்ன மெஸ்ஸாகத் தொடங்கியதுதான். பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தில், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் போடுவதைப் போல இலை நிறையக் கறிவகை பரிமாறும் இடத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் கொங்குச் சோற்றின் அடி எது என்று கேட்டால் அரிசியும்பருப்பும்தான் என்பேன். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், மிளகு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். அவ்வளவையும் ஒரே பாத்திரத்தில் குழையாமல் இறக்கி, மேலே ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய்யை விட்டால், பக்கத்தில் ஒரு சுட்ட அப்பளமே போதும். காட்டிலிருந்து களைத்து வந்த பெண் அரைமணியில் பத்துப் பேருக்குச் சோறு போடுவதற்காகக் கண்ட சமையல் அது. கடைகளில் இது எப்போதும் கிடைக்காது. யார் வீட்டிலாவது சாப்பிடக் கூப்பிட்டால், கறி வேண்டாம், அரிசியும்பருப்பும் ஆக்குங்க என்று கேளுங்கள். அந்த வீட்டம்மா முகம் மலர்ந்துவிடும். கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறுக் கடைசல், தேங்காய்ப்பாலில் தோய்த்த சந்தகை, ஒப்புட்டு எல்லாம் அப்படித்தான். வீட்டு வாசல் வழியாகத்தான் வரும்.

காவிரி நாள் ரொம்ப எளிது. கருங்கல்பாளையம் போய்ப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். மாவட்டமே மாறி நாமக்கல் ஆகிவிடும். அங்கே பிறந்த கோழிவறுவலை இன்று சென்னைக்காரரும் துபாய்க்காரரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதன் சூட்சுமம், எதைப் போடவில்லை என்பதில் இருக்கிறது. மசாலாப்பொடி இல்லை, இஞ்சி அரைத்த விழுது கூடப் பலர் சேர்ப்பதில்லை. விதை உதறிய வரமிளகாய், கை நிறையச் சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். கோழி தன் தண்ணீரிலேயே வெந்து சுண்டும்போது, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டுப் பிரட்டுவார்கள். விசைத்தறி ஓட்டிய கையால் வேகமாக ஆக்கிய சமையல். சாப்பிட்டு முடித்து வண்டியேறினால் திருச்செங்கோட்டு மலை, மேலே அர்த்தநாரீசுவரர். அந்த வட்டாரத்துப் புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம் இன்னும் கதர் விற்றுக்கொண்டிருக்கிறது.

மலை ஏற முடியாதவர்கள் திருச்சி ரயிலில் ஏறிக் கொடுமுடிக்குப் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். தெற்கு நோக்கி வந்த காவிரி அங்கேதான் கிழக்கே திரும்புகிறது. ஒரே வளாகத்தில் சிவன், பெருமாள், வன்னிமரத்தடியில் பிரமன். கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்த ஊரும் அதுதான். ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குரலின் கனம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பவானி நாளுக்குத்தான் முழுப்பொழுதும் வேண்டும். ஈரோட்டிலிருந்து 15 கிலோமீட்டர். கூடுதுறையில் குளித்துவிட்டுச் சங்கமேசுவரரைக் கும்பிடுங்கள். வேதநாயகி அம்மன் சந்நிதிக்கு 1804-இல் கோயம்புத்தூர் கலெக்டர் வில்லியம் கேரோ கொடுத்த தந்தக் கட்டில் இருக்கிறது. மழை இரவில் அம்மன் சிறுமியாக வந்து அவரை வெளியே அழைத்ததாகவும், அவர் வெளியே வந்ததும் தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்ததாகவும் ஊரார் சொல்வார்கள். கோயிலுக்குள் வர முடியாத அவர் அம்மனைப் பார்ப்பதற்காகச் சுவரில் இட்ட துளைகளையும் காட்டுவார்கள். அதைக் கேட்டுவிட்டு ஊருக்குள் ஜமக்காளத் தறி ஓடும் வீடு எதற்காவது போக வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளுவார்கள். இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். ஒருவர் சுணங்கினாலும் பட்டை கோணும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் விரித்த விரிப்பு அப்படி நெய்ததுதான். அந்த வாசலில் நின்று பேரம் பேசாதீர்கள். நூல் என்ன விலை, கூலி என்ன என்று கேட்டுவிட்டால் பேரம் பேச வாயே வராது.

பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அதிலிருந்து புறப்படுவதுதான் காலிங்கராயன் வாய்க்கால். என்னைக் கேட்டால் ஈரோட்டில் பார்க்க வேண்டிய முதல் இடம் அந்தத் தலைமதகுதான். 13-ஆம் நூற்றாண்டில், 12 ஆண்டு உழைத்து, 1283-இல் முடித்தார் காலிங்கராயன் என்பது நாங்கள் வழிவழியாகக் கேட்டது. பவானியில் எடுத்த தண்ணீரை அந்த வாய்க்கால், காவிரியின் மேற்குக் கரையோடு ஒட்டி ஒட்டி, மேடு பள்ளம் பார்த்து வளைந்து நெளிந்து, 90 கிலோமீட்டர் கொண்டுபோய் நொய்யலில் சேர்க்கிறது. பாம்பு ஊர்ந்த வழியைப் பார்த்து வெட்டினார் என்று ஒரு கதை. கதை எப்படியானாலும், மட்டக் கருவி இல்லாத நாளில் நிலத்தின் சரிவை அடி அடியாகப் படித்த ஒரு மனிதனின் வேலை அது. வாய்க்காலில் ஒரு வளைவில் நின்று பார்த்தால், நேராக வெட்டியிருந்தால் எத்தனை வயல் விட்டுப்போயிருக்கும் என்று தெரியும். நேர்வழி எல்லா இடத்திலும் நல்ல வழியாக இருப்பதில்லை என்பதை என் பேரன்களுக்கு நான் அந்த வளைவைக் காட்டித்தான் சொன்னேன்.

இன்னொரு செய்தி அதைவிடப் பெரிது. தன் குடும்பத்துக்காகத்தான் வாய்க்கால் வெட்டுகிறான் என்று யாரோ சொன்ன சொல் பொறுக்காமல், என் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டார் அவர். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி வேறு, இது வேறு. இன்றைக்கும் பதினைந்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது அந்தத் தண்ணீர். நெல்லும் மஞ்சளும் வாழையும் கரும்பும் அதில் விளைகின்றன. மண்டியில் ஒடித்துப் பார்த்த விரலியும் மெஸ்ஸில் விரித்த இலையும் அந்த வாய்க்கால் கொடுத்ததாக இருக்கலாம். ஈரோட்டுக்குள் வரும்போது அதே வாய்க்காலில் சாயக்கழிவும் தோல்கழிவும் கலந்ததைத் தடுக்கப் பக்கத்திலேயே ஒரு சிறு வாய்க்கால் வெட்டிக் கழிவை அதில் திருப்ப வேண்டியிருந்தது. எழுநூறு ஆண்டு பழைய வாய்க்காலுக்குத் துணையாக நம் காலம் வெட்டிக் கொடுத்தது அதுதான். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மத்தியானச் சோற்றுக்கு ஆற்றோடு மேலே ஏறிக் கோபியைத் தாண்டிக் கொடிவேரிக்குப் போகலாம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்ற இரண்டு வாய்க்கால்கள் பிரியும் பழைய தடுப்பணை அது. தண்ணீர் அருவியாகக் கொட்டும் இடத்தில் தலையைக் காட்டிவிட்டு, ஈரத்துணியோடு கரைக்கு வந்தால் பொரித்த மீன். மீனை மிளகாய்த்தூளில் புரட்டிக் கண்ணெதிரில் பொரித்துத் தருவார்கள். அதில் ஒரு ரசனை இருக்கிறது: குளித்த பசி வேண்டும், இல்லாவிட்டால் அந்த ருசி பாதிதான். வெள்ளம் வந்தால் உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். கூட வந்த ஓட்டுநரை அதே பலகையில் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். அவரைத் தனியே ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு நாம் உண்பது என்ன உண்டி? பவானிசாகர் அணைக்கு இன்னொரு நாள். 1955-இல் முடிந்த அந்த மண் அணையின் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், உள்ளே மூழ்கிய தண்ணாயக்கன் கோட்டையின் பழைய கோயில் வெளியே தெரியும்.

நொய்யல் நாளைத்தான் யாரும் கேட்பதில்லை. நான் விடாமல் கூட்டிப்போவது அந்த நாளுக்குத்தான். அன்றைக்குக் கடையில் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்தே கட்டுச்சோறு: புளிச்சோறு, தயிர்ச்சோறு, வறுத்த எள்ளுப்பொடி. வாழை இலையை வாட்டிக் கட்டினால் சாயங்காலம் வரைக்கும் மணம் போகாது. போகிற வழியில் வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயம். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. அப்புறம் சென்னிமலை. 1,320 படி ஏற முடிந்தவர்கள் ஏறலாம், கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை என்று ஊரார் போற்றுவது அது. கீழே இறங்கிக் கைத்தறிச் சங்கங்களில் போர்வை பார்க்கலாம்.

அதற்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். சாதாரணக் காடும் கல்லும்தான் தெரியும். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடிய ஊர் அதுதான். 1985 முதல் அங்கே தோண்டத் தோண்ட, கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், பெயர் கீறிய பானை ஓடுகளும் வந்தன. சூதுபவளம், பளிங்கு, நீலம், காங்கேயம் பக்கம் படியூரில் எடுத்த பச்சைமணிக்கல். இந்தப் பச்சைக்கல்லுக்கு ரோமாபுரியில் அத்தனை மோகம். பச்சைக்கல் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதி வைத்தார். அதற்கு ஈடாக வந்த ரோமக் காசுகள் கொங்குநாட்டில் குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றன. என் பேத்தி அங்கே நின்றபோது, "நான் படிக்கப் போன நாட்டுக்கு நம்மாளுக அப்பவே சரக்கு அனுப்பியிருக்காங்களா அப்புச்சி" என்று மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அவளுக்குத் தன் ஊர் பெரிதானது அந்த இடத்தில்தான்.

அதோடு திரும்பிவிடுவதில்லை நாங்கள். பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் விவசாயத்துக்காகக் கட்டினார்கள். நல்ல தண்ணீர் நின்றது கொஞ்ச காலம்தான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கி, அணை சாயக்குட்டை ஆயிற்று. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின, தென்னை காய்ந்தது, இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கெஞ்சும்படி ஆயிற்று. அணை கட்டிக் கொடுத்தும் தண்ணீர் வேண்டாம் என்று உழவன் சொன்ன ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? கழிவே வெளியேறாத முறைக்கு மாறும் வரை பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மூடலில் வேலை போன குடும்பங்களும் எனக்குத் தெரிந்தவர்களே. ஒரு பக்கம் மட்டும் பேசி முடிக்கிற சங்கதி இல்லை இது.

சுற்றுலா என்று கூட்டிவந்து இதையா காட்டுவது என்று மருமகன் ஒருமுறை கேட்டார். ஆமாங்க மாப்பிள்ளை, இதையும்தான் என்றேன். நாம் போட்டிருக்கும் பனியன் இந்த ஆற்றில் கால் நனைத்துவிட்டுத்தான் கடைக்கு வந்தது. ரோமுக்குக் கல் அனுப்பியதைப் பெருமையாகக் காட்டிவிட்டு, ஐரோப்பாவுக்குத் துணி அனுப்பிய கணக்கை மறைத்தால் பிள்ளைகளுக்குப் பாதி ஊர்தான் தெரியும். அணைக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்வேன். தெரியாததைத் தேடிப் படிக்கச் சொல்வேன். அவர்களில் ஒருவன் இப்போது தண்ணீர் சுத்திகரிப்புப் படிக்கிறான்.

எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்குத் தை மாதத்தைச் சொல்கிறேன். வெயில் ஏறியிருக்காது. வெள்ளோட்டில் வலசை வந்த பறவைகள் இருக்கும். வாய்க்கால் கரையில் மஞ்சள் வெட்டு தொடங்கியிருக்கும், வெந்த மஞ்சளைக் களத்தில் பரப்புவதைப் பார்க்கலாம். தை ஐந்தாம் நாள் காலிங்கராயன் தினம். காலிங்கராயன்பாளையத்து மணிமண்டபத்தில் விவசாயிகள் கூடி மாலை போடுவார்கள். ஆடிப்பெருக்குக்கு வர ஆசையென்றால் வரலாம், கூடுதுறையில் கூட்டம் நெரியும், வண்டியைத் தூரத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும். பங்குனி சித்திரையில் சின்னக் குழந்தைகளோடு வர வேண்டாம். மூன்று ஆற்றுக்கும் மூன்று நாள், ஊருக்குள் அரை நாள் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.